பெரியம்மாவின் கறுப்புப் பை

செமஸ்டர் முடிந்தது. அரியர் விழாது என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குக் கொஞ்சம் வில்லங்கமான சப்ஜெக்ட். கஞ்சா. பயப்படாதீங்க, நான் தொட்டதுகூட இல்லை :-)

டொராண்டோவில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன வருஷம் மார்பகப் புற்றுநோய். கீமோ ஏற்றினால் தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. வழக்கமான வாந்தி மாத்திரை போதவில்லை என்று டாக்டர் கஞ்சாவுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார். கனடாவில் நோயாளிகளுக்கு 2001-லிருந்தே இது உண்டு. 2018-ல் பெரியவர்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சின்னக் கருவியில் சூடாக்கி ஆவியை இழுப்பார். பலன் இருந்தது, சாப்பிட்டார், தூங்கினார். ஆனால் நாற்றம்! லிஃப்ட்டில் பக்கத்து வீட்டு மாமி மூக்கைச் சுளித்ததைத்தான் கீமோவை விடப் பெரிய வேதனையாகச் சொல்வார்.

கீமோ முடிந்தும் குமட்டல் முழுசாக விடவில்லை. அதற்குள் மேனாம்பேட்டில் அக்கா கல்யாணம் வந்துவிட்டது. வழியில் சிங்கப்பூரில் மகளைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். "வாசனை வெளியே வராத பை வாங்கிட்டேன்டா. சீட்டும் இருக்கு. கொண்டு வரலாமான்னு நெட்ல கொஞ்சம் பாரேன்" என்று போன்.

பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

முதலில், கனடாவை விட்டு வெளியே எடுத்துப் போவதே அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். டாக்டர் சீட்டு இருந்தாலும்தான். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழரை ஒரு கிலோ கஞ்சா வழக்கில் தூக்கிலிட்டார்கள். பெரியம்மாவிடம் இருந்தது சில கிராம்தான். ஆனாலும் அங்கே சும்மா விட மாட்டார்கள். நம் ஊரில் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனி. இலை மட்டும் தனியாக இருந்தால் அதில் சேராது. அந்தச் சந்தில்தான் காசியில் அரசு உரிமத்தோடு பாங்க் கடை நடக்கிறது. பெரியம்மாவுடையது பூ.

பையைப் பற்றியும் படித்தேன் (கெமிஸ்ட்ரி மாணவன், விடுவேனா). உள்ளே ஆக்டிவேட்டட் கார்பன் பூச்சு. அதன் நுண்துளைகள் வாசனை மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கஞ்சாவில் வாசனை தருவது பெரும்பாலும் டெர்பீன்கள். அதில் ஒன்றான மிர்சீன் மாம்பழத்திலும் இருக்கிறது. அந்தக் குப்பென்ற நாற்றத்துக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள் என்று 2021-ல்தான் கண்டுபிடித்தார்கள். இந்தக் கார்பனை நம்ம காங்கேயம் பக்கம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பெரியம்மாவின் பையில் நம்மூர்ச் சிரட்டை இருந்தாலும் ஆச்சரியமில்லை! ஆனால் பை ஏமாற்றுவது மனிதர் மூக்கைத்தான், மோப்ப நாயை நம்ப முடியாது. பாங்காக்கிலிருந்து வருகிறவர்களிடம் ஹைட்ரோபோனிக் கஞ்சா பிடிபட்ட செய்தி வந்தபடியே இருக்கிறது. சென்னை ஏர்போர்ட்டில் கண்கொத்திப் பாம்பாகத்தான் இருப்பார்கள்.

"வேண்டாம் பெரியம்மா" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அங்க வந்து நான் எப்படிடா சாப்பிடுவேன்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மாத்திரைகளை மட்டும் நம்பித்தான் வந்தார். பைக்குள் புடவைதான் இருந்தது.

இங்கே பிரச்சினை தலைகீழ். கடுகு தாளித்தால் ஓடுவார். வெங்காயம் வதக்கினால் ஓடுவார். அம்மா அடுப்பைப் பின்பக்கம் கொல்லைக்கு மாற்றினார். ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு என்பதால் ஜில்லென்று தயிர் சாதம், மாதுளை. கல்யாணத்தன்று பந்திப் பக்கமே அவர் வரவில்லை. மாடி அறையில் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தார். முகூர்த்தத்துக்கு மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து அட்சதை போட்டார். சொந்தக்காரர்கள் "ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். இரண்டு வாரத்தில் நாலு கிலோ குறைந்திருந்தார்.

நான் சொன்னது சரிதான். ஆனாலும் அந்தத் தோள் கனம் இன்னும் போகவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது பையை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். அம்மா அதில் கட்டிப் பெருங்காயம் வைத்திருக்கிறார். துளி வாசனை வெளியே வரவில்லை.