குமிழிக்குள் ஐந்து மாதங்கள்

திண்டுக்கல்லில் இருந்து கரூர் ரோட்டில் வேடசந்தூர் பக்கம் போனால் வழியெல்லாம் ஸ்பின்னிங் மில்கள்தான். காலை ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் மில் பஸ்கள் ஐந்து மணிக்கே ஓட ஆரம்பித்துவிடும். அந்த மில்களில் ஒன்றில் நான் ஆறு வருடம் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். பதவிதான் அப்படி. மில்லில் எனக்குப் பேர் 'கம்ப்யூட்டர் தம்பி'. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மேனேஜர் மகளுக்கு ஆன்லைனில் ஃபீஸ் கட்டணும் என்றாலும் என்னைத்தான்.

என் அம்மாவும் அதே மில்லில் ரிங் ஃப்ரேமில் வேலை பார்த்தவர். அறுந்த நூலை ஓடுகிற மிஷினிலேயே ஒட்டுகிற வேலை. வீட்டுக்கு வரும்போது தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்த மில்லிலேயே மகன் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்பதில் அம்மாவுக்கு ஒரு பெருமை. சர்வர் ரூமில் ஏசி இருந்தது எனக்காக இல்லை, சர்வருக்காக என்பதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

2019 ஆடி மாதம் கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸில் இருந்து மெயில் வந்தது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் தருகிற ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிகிறது, தீபாவளிக்குள் எல்லாக் கம்ப்யூட்டரும் விண்டோஸ் 10க்கு மாறியாக வேண்டும். எங்கள் யூனிட்டில் மட்டும் 140 கம்ப்யூட்டர்கள். எந்த மிஷினில் என்னென்ன சாஃப்ட்வேர் ஓடுகிறது என்று பட்டியல் எடுக்க உட்கார்ந்தேன். டைம் ஆபீஸ் மூலையில் பட்டியல் நின்றுவிட்டது.

அங்கே ஒரு பழைய மிஷின். 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி அதில் ஓடிக்கொண்டிருந்தது. நெட் கனெக்ஷன் கிடையாது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனமும் குங்குமமும் சிபியூ மேல் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடக்கும். வருகைப் பதிவு, சம்பளம், பிஎஃப் பிடித்தம் எல்லாவற்றையும் போட்ட பழைய மென்பொருள் அதில்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர் விஷுவல் பேசிக் 6இல் எழுதிக் கொடுத்தது. சென்டர் எப்போதோ மூடியாச்சு. சோர்ஸ் கோட் யாரிடமும் இல்லை. சம்பளம் போட 2015இலேயே புது ஈஆர்பி வந்துவிட்டாலும், அதற்கு முந்தைய கணக்கு எதுவும் அதற்குள் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது தனிக் கதை. பழைய சாஃப்ட்வேரில் தொழிலாளர் பெயர்கள் தமிழில் இருந்தன. ஆனால் அது இன்று நம் போனில் அடிக்கிற யூனிகோட் தமிழ் இல்லை. 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளைத் தரமாக அறிவித்தது. அது போக ஆளாளுக்கு ஒரு எழுத்துரு. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்கிற இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைக்கிற ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இருந்தால் 'முத்துலட்சுமி' தெரியும். இல்லையென்றால் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் தெரியும். அரசு யூனிகோடுக்கு மாறியது 2010 செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். எங்கள் மில் மூலையில் இருந்த மிஷினுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. ஈஆர்பிக்காரர்கள் டேட்டாவை இழுத்துப் பார்த்து, எல்லாம் குப்பையாக வருகிறது என்று விட்டுவிட்டார்கள்.

"அந்தப் பழச ஏன்யா கட்டி அழுகுற? தூக்கிப் போடு" என்றார் மேனேஜர். ஆடிட்டர்தான், சட்டப்படி கேட்டால் காட்ட வேண்டியிருக்கும், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்.

அந்த சாஃப்ட்வேரை நேரடியாக விண்டோஸ் 10இல் போட்டுப் பார்த்தேன். அது ஓடியது. டைம் ஆபீஸில் கேட் பாஸ் போடுகிற இன்னொரு சாஃப்ட்வேர் படுத்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே பெயருள்ள ஒரு துணைக் கோப்பு வேண்டும். ஒன்றுக்குப் பழைய பதிப்பு, இன்னொன்றுக்குப் புதுசு. ஹாஸ்டல் சமையலறையில் இரண்டு பேர் சமைக்கிறார்கள், உப்பு டப்பா ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் கல்லுப்பை எடுத்துவிட்டுத் தூளுப்பை நிரப்பி வைக்கிறார். அடுத்தவர் பழைய கைக்கணக்கில் அள்ளிப் போடுகிறார். குழம்பு வாயில் வைக்க முடியாது. இந்தத் தொல்லைக்கு எங்கள் தொழிலில் 'டிஎல்எல் நரகம்' என்றே பெயர் உண்டு.

இதற்கு மருந்து ஏற்கனவே இருந்தது. ஒரு முழுக் கம்ப்யூட்டரையே பாவனையாக இன்னொன்றுக்குள் ஓட்டுவது பழைய வித்தை. ஐபிஎம் 1972லேயே அதைத் தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஒரே ஒரு சாஃப்ட்வேருக்காக இன்னொரு விண்டோஸையே சுமக்க வேண்டாமே? அந்த ஒன்றை மட்டும் குமிழிக்குள் வைத்தால் போதுமே? சாஃப்ட்ரிசிட்டி என்ற அமெரிக்க கம்பெனி அதைச் செய்தது. 2006இல் மைக்ரோசாப்ட் அதை வாங்கி, பிறகு ஆப்-வி என்று பெயர் மாற்றியது. விண்டோஸ் 10 என்டர்பிரைஸில் 2016இல் இருந்து அதன் கிளையன்ட் உள்ளேயே வருகிறது. ஹெட் ஆபீஸ் என்டர்பிரைஸ் லைசென்ஸ்தான் வாங்கியிருந்தது. கையில் வைத்துக்கொண்டே தெரியாமல் இருந்திருக்கிறோம்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. புத்தம் புதிய சுத்தமான ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் சீக்வென்சர் என்ற கருவியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, பழைய சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்ய வேண்டும். அது எந்தக் கோப்பை எங்கே வைக்கிறது, ரிஜிஸ்ட்ரியில் என்ன எழுதுகிறது, எந்த எழுத்துருவைச் சேர்க்கிறது என்று சீக்வென்சர் ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகக் கட்டித் தரும். அந்த பேக்கேஜை எந்த மிஷினுக்கு அனுப்பினாலும் சாஃப்ட்வேர் திறக்கும், ஆனால் அந்த மிஷினில் அது இன்ஸ்டால் ஆகியிருக்காது. சி டிரைவில் எழுதுகிறேன் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் எழுதுவது தனக்கென்று ஒதுக்கிய இடத்தில். தனக்கு வேண்டிய பழைய துணைக் கோப்பு அதன் கண்ணுக்கு மட்டும் தெரியும். கேட் பாஸ் சாஃப்ட்வேருக்குத் தெரியவே தெரியாது. வேண்டாம் என்றால் பேக்கேஜை விலக்கிவிடலாம். இன்ஸ்டால் பண்ணி நீக்கினால் மிஞ்சுகிற குப்பை இதில் மிஞ்சாது.

மூன்று வாரம் போராடினேன். முதல் முறை தேதிகள் மாறி வந்தன. பழைய மிஷினில் நாள்-மாதம்-வருடம் என்று இருந்ததை நான் சீக்வென்ஸ் பண்ணிய மிஷினில் அமெரிக்க முறையிலேயே விட்டிருந்தேன். இரண்டாம் முறை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அசையவில்லை. டிரைவர்களைக் குமிழிக்குள் வைக்க முடியாது, அவை விண்டோஸின் அடிவயிறு வரை போகிறவை. அதனால் பிரிண்டர் டிரைவரை வெளியே தனியாகப் போட வேண்டியிருந்தது. மூன்றாம் முறை திறந்தது. 2001ஆம் வருடத்து மஸ்டர் ரோல், வரிசையாகத் தமிழ்ப் பெயர்கள். ஒரு பெயரைக் காப்பி செய்து வெளியே வேர்டில் ஒட்டினேன். கொம்பு முளைத்த எழுத்துகள். மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். தமிழ். அந்த எழுத்துரு குமிழிக்குள்தான் உயிரோடு இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் கேட்டில் இருந்து போன். "தம்பி, ஒன்னப் பாக்க ஒரு அம்மா வந்துருக்காக."

அம்மாவோடு ஒரே ஷிஃப்ட் பார்த்த பெரியம்மா. எனக்குச் சொந்தமில்லை, சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். கையில் மஞ்சப்பை. பைக்குள் பிஎஃப் ஆபீஸில் கொடுத்த காகிதம்.

"ஒங்கம்மாதான் ஒன்னப் போயிப் பாக்கச் சொன்னா சாமி. பென்சனு கெடையாதுங்குறாக. நான் பத்து வருசம் ஒழைக்கலையா?"

58 வயது முடிந்ததும் விண்ணப்பித்திருக்கிறார். 1995ஆம் வருடத் திட்டப்படி மாதப் பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ மீதி வந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்பதரை இருந்தாலும் பத்துதான். காகிதத்தில் இருந்தது ஒன்பது வருடம் மூன்று மாதம். 2004இல் ஐந்து மாதம் வேலைக்கே வரவில்லை என்று பதிவு.

"அஞ்சு மாசம் வரலையாமா? எங்கிட்டுய்யா போனேன் நானு? அந்த வருசந்தான ரெண்டாவது யூனிட்டு தொறந்தாக. எங்கள அங்கிட்டு அனுப்பிச்சாக."

வெளியே மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். குமிழியைத் திறந்தேன். 2004, இரண்டாவது யூனிட். பெரியம்மா பெயர் இருந்தது, புது டோக்கன் நம்பரில். மாதம் 26 நாள், 25 நாள், 26 நாள். பிஎஃப் பிடித்தமும் மாதாமாதம் ஆகியிருந்தது. ஆனால் அந்தப் பணம் புது நம்பருக்குப் போயிருக்கிறது. பழைய நம்பரில் ஐந்து மாதம் வெறுமையாக நின்றுவிட்டது. பிறகு பழைய யூனிட்டுக்கே திரும்பியதும் பழைய நம்பரே தொடர்ந்திருக்கிறது. யாரும் வஞ்சகம் செய்ததாகத் தெரியவில்லை. ஒரு குமாஸ்தா இரண்டு நம்பரைச் சேர்க்க மறந்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த மறதிக்கு ஒரு மனுஷியின் ஐந்து மாத உழைப்பு விலை.

என் மூளை அங்கேயே நிற்கவில்லை. அன்றைக்கு இரண்டாவது யூனிட்டுக்குப் போன பெண்கள் மொத்தம் 31 பேர். பாதிப் பேர் ஹாஸ்டல் பெண்கள். இந்த வட்டாரத்தில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்று வருடம் மில் வளாகத்துக்குள்ளேயே தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லி ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். சுவருக்குள் வேலை, சுவருக்குள் தூக்கம், வாரத்துக்கு ஒரு போன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, ஹாஸ்டல் மட்டும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் போன பிறகு மில்லில் ஒரு தடயமும் மிஞ்சாது. குமிழியைப் பற்றி நான் மெச்சிக்கொண்டிருந்த அதே குணம். அன்றைக்கு அது எனக்கு இனிக்கவில்லை.

அனுமதி கேட்காமலேயே பிரிண்ட் கொடுத்தேன். பெரியம்மாவின் ஐந்து மாதம் மட்டும் இல்லை, 31 பேருடையதும். டாட் மேட்ரிக்ஸ் கர்புர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தது. யாராவது வந்துவிடுவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காகிதங்களை மேனேஜர் மேஜையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"ஒன்னைய யாரு இத நோண்டச் சொன்னா?"

"சார், ஆடிட்டர் கேட்டா காட்டணும்னுதான வச்சிருக்கோம். இந்தம்மா கேக்குறாங்க, காட்டுவோம்."

"ஒருத்திக்குத் திருத்துனா முப்பது பேரும் வருவாளுக."

"வரட்டும் சார். பணம் நாம கட்டுனதுதான. நம்பரச் சேக்க எழுதிக் குடுத்தாப் போதும்."

இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். நான்கு நாள் கழித்துத் திருத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஒருவருக்கு மட்டும். மீதி முப்பது காகிதங்களையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "கேட்டு வந்தா பாப்போம்" என்றார்.

மாசியில் பெரியம்மாவுக்குப் பென்ஷன் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய். 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை அதுதான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பாஸ்புக்கைக் காட்டினார். "இந்த ஆயிரத்துக்கா இம்புட்டு அலைச்சல்?" என்று அம்மா சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. "ஆயிரத்த விடு. அஞ்சு மாசம் நான் வேலைக்கு வரலைன்னு எழுதிட்டாங்கள்ல" என்றார்.

அதற்கடுத்த வருடம் நான் வேலையை விட்டேன். கிளம்பும் முன்பு, பழைய பேக்கேஜை எல்லா மிஷினிலிருந்தும் நீக்கச் சொன்னார்கள். ஒரு சொடுக்குதான். ஆடிட்டரிடம் பேசி ஒரு மாத அவகாசம் வாங்கினேன். பதினான்கு வருட மஸ்டர் ரோலையும் மாதம் மாதமாகத் திறந்து, பெயர்களை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்து, அச்சடித்து பைண்டு பண்ணி ரெக்கார்டு ரூமில் வைத்துவிட்டு வந்தேன். ஆப்-வி சர்வருக்கான ஆதரவும் 2026 ஏப்ரலோடு முடியும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்ததைப் பிறகு படித்தபோது, செய்தது சரிதான் என்று பட்டது. குமிழிக்கும் வயசாகும்.

அந்த 31 பேரில் இதுவரை ஆறு பேர் தேடி வந்திருக்கிறார்கள். மூன்று பேரை அம்மாதான் விசாரித்துக் கண்டுபிடித்தார், கோயில் திருவிழாவில் ஒருத்தரை, வேடசந்தூர் பஸ்ஸில் இரண்டு பேரை. ஹாஸ்டல் பிள்ளைகளின் ஊர்ப்பெயர் அந்த மஸ்டர் ரோலில் இல்லை. டோக்கன் நம்பரும் பெயரும் மட்டும்தான்.