சும்மா ஒரு நடை

வேலைக்கு நடப்போம். தண்ணீருக்கும் விறகுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் நடப்போம். யுத்த காலத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவிரவாக நடந்தோரும் எம்மில் பலர். ஆனால் ஒரு மலையையோ ஒரு பூவையோ பார்ப்பதற்காக மட்டும் நடந்த பெண்கள் எத்தனை பேர் இருப்போம்? 2024 இல் வெருகலிலிருந்து என்னிடம் வந்து மூன்று நாட்கள் தங்கிய என் தோழிதான் இக்கேள்வியை எனக்குள் எழுப்பினார்.

பட்டப்படிப்பை முடித்ததும் வாகரை, வெருகல் பகுதிகளில் மாதர் குழுக்களோடு சில வருடங்கள் வேலை செய்தேன். அப்போது ஒரு குழுவின் தலைவியாக இருந்தவர் அவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். அவரோ, எத்தனை தடவை சொன்னாலும் என்னை "மிஸ்" என்றுதான் அழைப்பார். கணவரை 2006 இடப்பெயர்வில் இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர்.

என் ஊர் தலவாக்கலைப் பக்கத் தோட்டம். அக்கா வந்திறங்கியதும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மிஸ், எங்கட ஆறு எங்கயிருந்து வருதெண்டு ஒருக்காப் பார்க்கவேணும்."

மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். இலங்கையில் அதைவிட நீண்ட ஆறு இல்லை. மத்திய மலைகளில் பிறந்து மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதிலிருந்து பிரிந்து கடலுக்குப் போகும் கிளைதான் வெருகல் ஆறு. 2006 ஆடியில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதோடு யுத்தம் மீண்டும் முழுமூச்சாகத் தொடங்கியதை வாசகியர் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தத் தண்ணீரும் இதே ஆற்றுத் தண்ணீர்தான். அந்த நாட்களில்தான் அக்கா சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வெருகலைக் கடந்து வாகரைக்கு ஓடினார். அப்போது அங்கு பாலம் இருக்கவில்லை. 2011 இல்தான் வந்தது. அதுவரை வாகனங்களும் ஆட்களும் ஏறிக் கடந்த மிதவையைக் கிழக்கில் "பாதை" என்பார்கள். நான் மலைப்பாதை என்று சொன்னபோதெல்லாம் அக்காவின் காதில் அந்த மிதவைதான் விழுந்ததாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் விடியுமுன்னரே, என் இரண்டு சுவெட்டரையும் அவருக்கே போட்டுவிட்டு, ஓட்டோ பிடித்து ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலே உள்ள புல்வெளியும் காடும் அது. 1988 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் போகிறது.

நடைபாதை தொடங்குமிடத்தில் பைகளைச் சோதிப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகக்கூடாது. தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபலைக்கூடக் கிழித்து எடுத்துவிடுவார்கள். எங்கள் முறை வருமுன்னரே அக்கா பையைத் திறந்து, அடையாள அட்டையைக் கையில் எடுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். அந்த உத்தியோகத்தர் சின்னப் பையன். அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. லேபலைக் கிழித்துவிட்டுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தான். "இவ்வளவுதானா?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

பாதையை விட்டு விலகவேண்டாம் என்ற பலகையைக் கண்டதும் நின்றுவிட்டார். "கண்ணிவெடியா?" இல்லையக்கா, செடிகள் மிதிபடாமல் இருக்கத்தான் என்றேன். தலையாட்டினார். ஆனாலும் முதல் இரண்டு கிலோமீற்றரும் என் கால் பட்ட இடத்திலேயே கால் வைத்து வந்தார். நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தூரத்தில் மரை ஒன்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கும் அவசரத்தில்தான் என்னை முந்திக்கொண்டு போனார். அதன் பிறகு பின்னால் வரவேயில்லை.

பூக்களைப் பார்த்துப் பார்த்து நடந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. மஞ்சள் நிறத்தில் முட்செடி ஒன்று அழகாகப் பூத்திருந்தது. அது கோர்ஸ், வெள்ளைக்காரர் காலத்தில் வந்து, இப்போது உள்நாட்டுச் செடிகளை நெருக்குவதால் பிடுங்கி அழிக்கிறார்கள். நெலுச் செடிகளைக் காட்டினேன். தமிழில் குறிஞ்சி என்கிறோமே, அந்த இனம். 2013 இல் இங்கு கூட்டமாகப் பூத்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு வருடங்களுக்கு ஒருமுறை பூத்து, விதைத்துவிட்டுத் தாய்ச்செடி பட்டுப்போகும். "அப்ப இது பிள்ளைச் செடிகள்" என்று ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தார் அக்கா.

ஒன்பது கிலோமீற்றர் சுற்றுப்பாதை அது. உலக முடிவில் எண்ணூறு மீற்றருக்கும் மேலான செங்குத்துப் பள்ளம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் அடைத்து எல்லாம் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார்கள். அக்கா அரைமணித்தியாலம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "ஒண்டும் தெரியாட்டிலும் பரவாயில்ல. ஒருத்தரும் கூப்பிடாம இருக்கிறதே காணும்."

பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியில் கையை நனைத்து, "இது எங்கடதா?" என்றார். இல்லை, இது பெலிஹுல் ஓயாவுக்குப் போய் வளவையாகித் தெற்கே அம்பலாந்தோட்டைப் பக்கம் கடலில் சேரும். அடுத்த சரிவில் இறங்கும் அக்ரா ஓயா கொத்மலை ஓயாவோடு போவதுதான் உங்களிடம் வருவது என்றேன். முகம் சிறிது வாடியது. நாளைக்கு அதைக் காட்டுகிறேன் என்றதும்தான் நடந்தார்.

மறுநாள் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளால் இறங்கினோம். ஓரமெல்லாம் காட்டுச் சூரியகாந்தி. ஊதா நிறப் போவிட்டியா. நாயுண்ணியைக் கண்டதும் அக்காவுக்கு ஆச்சரியம். "2007 இல திரும்பிப் போனா வளவெல்லாம் இதுதான். வீட்டு அத்திவாரத்தை இதை வெட்டித்தான் கண்டுபிடிச்சம்."

கொழுந்து நிறுவைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று, "எங்கம்மா போறீங்க?" என்றார்கள். சும்மா நடக்கிறோம் என்றோம். "சும்மாவா?" என்று ஒரே சிரிப்பு. ஹோட்டன் சமவெளிக்குப் போன கதையைச் சொன்னபோது, அவர்களில் ஒருவர்கூட அங்கு போனதில்லை என்று தெரிந்தது. என் அம்மாவும் அப்படித்தான். முப்பது வருடம் கொழுந்துக் கூடையோடு இம்மலைகளில் ஏறி இறங்கியவர். ஒவ்வொரு குறுக்குப் பாதையும் அவருக்குத் தெரியும். மலையைப் பார்ப்பதற்கென்று ஏறியதில்லை. வாழ்வாதாரம், தையல் பயிற்சி, கடன், ஆற்றுப்படுத்தல் என்று நாங்கள் நிரப்பும் படிவங்களில் எல்லாவற்றுக்கும் நிரல் உண்டு. பெண் சும்மா இருப்பதற்கு நிரல் இல்லை. படிவம் தயாரிப்போரை மட்டும் குறைசொல்வதில் பயனில்லை, அக்கா புறப்படும்போது, "புருசன் இல்லாதவளுக்கு ஊர் சுற்றல் என்னத்துக்கு?" என்று கேட்டவர் அவருடைய சொந்த மாமிதான்.

தலவாக்கலையில் ஆற்றைக் காட்டினேன். 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 முதல் இயங்குகிறது. அணையில் மறித்த நீர் சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கத்தால் மின்நிலையத்துக்குப் போகிறது. செயின்ட் கிளயர் நீர்வீழ்ச்சி அதனால் மெலிந்துவிட்டது. அக்கா அணையையே வெகுநேரம் பார்த்தார். "இஞ்சயும் கதவு போட்டுத்தான் வச்சிருக்காங்க" என்றார். பிறகு கரைக்கு இறங்கி முகம் கழுவினார்.

2025 கார்த்திகை இறுதியில் டிட்வா புயல் அடித்தபோது எங்கள் மலைகள் சரிந்தன. அதே மழை மகாவலியில் பெருகி மூதூர், வெருகல் பக்கங்களையும் மூழ்கடித்தது. தொலைபேசித் தொடர்பு திரும்பியதும் முதலில் வந்த அழைப்பு அக்காவுடையது. "மிஸ், உங்கட லயம் நிக்குதா?" அவர் அப்போது பிள்ளைகளோடு ஒரு பாடசாலையில் தங்கியிருந்தார்.

தன் குழுவிலுள்ள இருபத்திரண்டு பெண்களையும் ஒருமுறை அழைத்து வரவேண்டும் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார். சென்ற வாரம் மறுபடியும் எடுத்தார். சேமிப்பில் மாதம் நூறு ரூபா தனியாகப் போட்டு வருகிறார்களாம். பஸ் வாடகை எவ்வளவு வரும், றோட்டு எந்தளவுக்குச் சரி, தோட்டத்து முன்பள்ளியில் ஓரிரவு படுக்க விடுவார்களா என்று விசாரித்துச் சொல்லட்டுமாம். பெயர்ப் பட்டியலும் அனுப்பியிருக்கிறார். அதில் கடைசியாக இருபத்துமூன்றாவது பெயர் ஒன்று இருந்தது. யாரென்று கேட்டேன். மாமியாம்.