காது கொடுக்கும் பழக்கம்

"பையனுக்குக் கவனமே இல்லை சார்." பெற்றோர் கூட்ட நாட்களில் ஓர் ஆசிரியர் மிகுதியாகக் கேட்கும் சொல் இதுவாகத்தான் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் நெடுங்காலம் ஆசிரியப் பணி செய்தவன் என்ற முறையில், இச்சொல்லைப் பற்றி நம் குடும்பத்தாரோடு சிறிது பேச விரும்புகிறேன். இதைச் சொல்லும் தாய்மார்களின் மனத்தில் பெரும்பாலும் இருப்பது மதிப்பெண். கவனம் குறைந்ததால் மதிப்பெண் குறைந்தது. ஆகவே கவனம் பெருக வழி சொல்லுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. வல்லாரைக் கீரையிலிருந்து கறுப்புக் கயிறு வரை முயன்று பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

உங்கள் பிள்ளையிடம் கவனம் ஏராளமாக இருக்கிறது என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில்.

வரலாற்றுப் பாடத்தில் ஓர் ஆண்டுக் கணக்கும் நெஞ்சில் நிற்காத உழவர் வீட்டுப் பையன் ஒருவனை, ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் நிறுத்தி, "பெரியாற்று அணையில் இன்று எத்தனை அடி?" என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் சொல்வான். நேற்று எத்தனை அடி என்றும் சொல்வான். 142 அடிவரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவனுக்குத் தெரியும். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வரும் தண்ணீரை நம்பியே இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் இருக்கின்றன. அவற்றுள் அவனுடைய அத்தாவின் இரண்டு ஏக்கரும் ஒன்று. அந்த எண்ணை அவனுக்கு யாரும் மனப்பாடம் செய்விக்கவில்லை.

இன்னொரு சான்று. நம் ஊர்ப் பெண்கள் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வது நீங்கள் அறிந்ததே. ஏலச் செடியின் ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். பிஞ்சைப் பறித்துவிட்டால் உலர்த்தும்போது சுருங்கி எடை குறையும். பழுக்க விட்டாலோ காய் வெடித்துவிடும். ஆகவே செடியின் அடியில் குனிந்து, முற்றியதை மட்டும் விரலாலேயே அறிந்து கொய்ய வேண்டும். விடுமுறையில் தாயோடு சென்று வரும் சிறுமிகள் ஒரே வாரத்தில் இக்கலையைக் கற்றுவிடுகிறார்கள். அதே சிறுமியின் விடைத்தாளில், 'பொருந்தாததை எடுத்து எழுதுக' என்ற வினாவுக்குப் பொருந்துவதை எழுதியிருப்பாள்!

அப்படியானால் வகுப்பறையில் அந்தக் கவனம் எங்கே போகிறது? எனக்குத் தோன்றுவது இதுதான். எது நமக்கு முக்கியமோ அதன்பால் கவனம் தானே செல்கிறது. தன் எதிரில் நின்று பேசும் மனிதர் முக்கியமானவர், அவர் பேச்சைக் கேட்டு முடிப்பது அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை என்ற எண்ணம் பிள்ளைக்கு இன்னும் உண்டாகவில்லை. நாம் கவனத்தை மூளையின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். அதை நற்குணத்தின் கணக்கில் எழுதியிருக்க வேண்டும்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். இமாம் அவர்கள் பக்தாதுக்கு வந்தபோது, அவ்வூர் அறிஞர்கள் அவர்களைச் சோதிக்க எண்ணினர். நூறு நபிமொழிகளை எடுத்து, ஒன்றன் அறிவிப்பாளர் தொடரை மற்றொன்றின் செய்தியோடு மாற்றிப் பொருத்தி, பத்துப் பேரிடம் பத்துப் பத்தாகக் கொடுத்தனர். பெருங்கூட்டத்தின் நடுவே ஒவ்வொருவராக எழுந்து கேட்டனர். ஒவ்வொன்றுக்கும் இமாம் அவர்கள், இதை நான் அறியேன் என்று மட்டுமே விடையளித்தார்கள். விவரம் அறியாதோர் இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டனர். நூறும் முடிந்த பிறகு, முதலாமவர் பக்கம் திரும்பி, நீர் சொன்ன முதலாவது இவ்வாறு, அதன் சரியான வடிவம் இவ்வாறு என்று தொடங்கி, பத்துப் பேருக்கும் வரிசை பிசகாமல் திருத்திக் கொடுத்தார்கள்.

நூறு சரியான செய்திகள் அவர்களுக்குத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை; நூறு தவறுகளையும் கேட்ட வரிசையிலேயே ஒரே அமர்வில் நினைவில் கொண்டதுதான் வியப்பு என்று பிற்கால அறிஞர்கள் சொல்வதுண்டு. என் மனம் தங்கி நிற்பது வேறோர் இடத்தில். எதிரே நிற்பவர் தவறாகச் சொல்கிறார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆயினும் இடைமறிக்கவில்லை. நூறு முறையும் இடைமறிக்கவில்லை. நம் வீட்டில் ஒரு குழந்தை ஒரே ஒரு தவறு சொல்லும்போது நாம் எத்தனையாவது சொல்லில் பாய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்நிகழ்ச்சியைச் சொன்ன பிறகு ஒரு வகுப்பில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினேன். வினா ஒன்றுக்கு ஒருவர் விடை சொன்னபின் அடுத்தவர் எழுந்தால், முதலில் முன்னவர் சொன்னதைத் தம் சொல்லில் கூற வேண்டும். அவர் "ஆம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகே தம் கருத்தைச் சொல்லலாம். முதல் வாரம் ஒரே அமளி. கை தூக்கியவர்களில் பெரும்பாலோருக்கு முன்னவர் என்ன சொன்னார் என்பதே தெரியவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, தம் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களின் மஹல்லாக் கூட்டங்களிலும் இதே காட்சியைக் கண்டதுண்டு என்பதை இங்கே மெல்லச் சொல்லிவைக்கிறேன்.

அவ்வகுப்பில் திக்குவாய் உள்ள மாணவி ஒருத்தி இருந்தாள். எழுத்தில் முதல்வரிசை, வாய் திறந்தால் வகுப்பு சிரிக்கும். சிரிக்காதவர்கள் அவளுக்கு உதவுவதாக நினைத்து அவளுடைய சொல்லை முடித்துக் கொடுப்பார்கள். பின்னதே அவளுக்கு அதிக வேதனை என்று ஒருநாள் தாளில் எழுதிக் கொடுத்தாள். புதிய வழக்கம் வந்தபின் அவள் பேச்சைத் திருப்பிச் சொல்ல வேண்டிய கட்டாயம் பிறருக்கு ஏற்பட்டது. திருப்பிச் சொல்ல வேண்டுமானால் முடியும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் முடித்துக் கொடுத்தால், "நான் அதைச் சொல்லவில்லை" என்று தலையசைத்துவிடுவாள். இரண்டு மாதத்தில் சிரிப்பு நின்றது. நான் அதற்காக யாரையும் தண்டிக்கவில்லை, அறிவுரையும் கூறவில்லை. காது கொடுத்தவர்களால் சிரிக்க முடியவில்லை, அவ்வளவே. அவளுடைய திக்கல் நீங்கிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான்; நீங்கவில்லை. ஆனால் ஆண்டின் இறுதியில் அவள் ஏழு நிமிடம் நின்று பேசினாள், நாற்பது பேர் அசையாமல் இருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் தோழர்கள் தம் தலைமேல் பறவைகள் அமர்ந்திருப்பதுபோல அசைவற்று இருப்பார்கள் என்று படித்திருக்கிறோமே, அதை அன்று கண்ணால் கண்டதாக எண்ணிக்கொண்டேன்.

கவனம் மாணவனிடமிருந்து மட்டும் வர வேண்டியதன்று. குறைஷித் தலைவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த நேரத்தில், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்கள் அறிவுரை நாடி வந்த வரலாறு நம் இல்லங்களில் தெரிந்ததே. தேடி வந்த எளியவர் பக்கம் முகம் திரும்ப வேண்டும் என்பதற்காக 'அபஸ' அத்தியாயத்தின் வசனங்களே இறங்கின. பின்னாளில் மதீனாவைவிட்டு வெளியே செல்லும்போது, தொழுகை நடத்தும் பொறுப்பை அதே தோழரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்படைத்துச் சென்றதுண்டு. யாரேனும் அழைத்தால் முகத்தை மட்டும் திருப்பாமல் முழு உடலோடும் திரும்புவது அவர்களின் வழக்கம் என்றும் காண்கிறோம். வகுப்பறையின் முன்வரிசையில் இருக்கும் கெட்டிக்காரர்களைப் பார்த்தே பாடம் நடத்தும் பழக்கம் ஆசிரியர்களுக்கு எளிதில் வந்துவிடும். எங்கள் தொழிலுக்கு இந்த அத்தியாயம் நாள்தோறும் தேவைப்படுகிறது.

கடைசி வரிசையில் முதல் பாடவேளைதோறும் உறங்கும் மாணவன் ஒருவன் இருந்தான். சோம்பேறி என்றே பெயர் எடுத்திருந்தான். அவனிடம் தனியே பேசிப் பார்த்ததில், தாய் நாலரை மணி ஜீப்புக்குச் செல்வதும், அதன்பின் தண்ணீர் பிடித்து, தங்கையைக் குளிப்பாட்டி, சோறு கட்டி, அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு அவன் வருவதும் தெரிந்தது. அந்த வீட்டில் அவனைவிடக் கவனம் மிக்கவர் எவருமில்லை! எங்கள் வகுப்புத் தேர்வைப் பிற்பகலுக்கு மாற்றினோம். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை; அதற்கே அவன் மதிப்பெண் உயர்ந்தது.

பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் கவனித்த பெரியோர் இம்மண்ணில் இருந்திருக்கிறார்கள். பட்டப்படிப்புக்குப் பெரும்பாலோர் மதுரைப் பக்கம் போக வேண்டியிருந்த காலத்தில், 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் தொடங்கிய கல்லூரியில் படித்தே என் போன்றோர் ஆசிரியர் ஆனோம். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே ஒரே பலகையில் அமர்ந்தோம்.

இனி, நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் கைப்பேசிக்கு வருவோம். பவணந்தி முனிவர் தம் நன்னூலில் மாணாக்கர் வகைகளுக்கு உவமை கூறும்போது, ஆட்டையும் சேர்த்திருக்கிறார். ஒரு செடியில் வயிறார மேயாமல் செடிக்குச் செடி தாவும் ஆடு. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர், இன்று நம் பிள்ளைகளின் விரல் திரையில் தாவுவதைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கிறது. பாடத்தை விட்டு வேறொன்றில் நுழைந்த மாணவர் மீண்டும் பாடத்தில் மனம் ஊன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என்று ஓர் ஆய்வு கண்டதை, 2023ஆம் ஆண்டின் யுனெஸ்கோ கல்வி அறிக்கை எடுத்துக்காட்டியது. எங்கள் பாடவேளையோ நாற்பத்தைந்து நிமிடம்!

ஆனால் பிள்ளைகளை மட்டும் ஆடு என்பது நியாயமன்று. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடத்திற்கென்று கைப்பேசியை அவர்கள் கையில் கொடுத்தவர்கள் நாம். பள்ளிவாசலிலிருந்து வரும் வழியிலேயே அதை எடுத்துப் பார்ப்பவர்களும் நாமே. மகள் பள்ளியில் நடந்ததைச் சொல்லும்போது, "ம், சொல்லு, கேட்கிறேன்" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லும் தாய்க்கு, மகளின் கவனத்தைப் பற்றி என்னிடம் முறையிட எவ்வளவு உரிமை உண்டு?

உத்தமபாளையத்தில் ஏலக்காய்த் தரகு செய்யும் நண்பர் ஒருவர், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே வீட்டின் மூன்று கைப்பேசிகளையும் அரிசிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார். அவருடையது உட்பட. முதல் மூன்று நாட்கள் வீட்டில் சண்டை என்றார். நான்காம் நாள், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் அருகில் வந்து அமர்ந்து, "போடி ஏலத்தில் இன்று காய் என்ன விலைக்குப் போச்சு அத்தா?" என்று கேட்டிருக்கிறான். இவர் விலையைச் சொல்ல, அவன் அடுத்த கேள்வி கேட்க, இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை பேச்சு நீண்டதாம். பதினைந்து வயதாகும் மகனுக்குத் தம் தொழிலைப் பற்றி இவ்வளவு தெரிந்திருப்பதை அன்றுதான் அறிந்ததாக நண்பர் சொன்னார்.