கோயம்பேட்டில் தொலைந்த கொத்தமல்லி!

ஒரே ஒரு நாள், அலாரத்தை ராத்திரி ரெண்டரைக்கு வெச்சு எழுந்திரிங்க ஃப்ரெண்ட்ஸ். செமஸ்டருக்குப் படிக்க இல்லீங்க... கோயம்பேடு மார்க்கெட்டைப் பார்க்க!

எங்க பெரம்பூர் தெருவுல தள்ளுவண்டி போடுற காய்கறி அக்காகூடத்தான் நான் போனேன். முன்னாடியெல்லாம் அரை கிலோ தக்காளி வாங்கினாலே, கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறா விழும். அது எப்பவோ நின்னு போச்சு. ஏன்க்கானு கேட்டா, "டீசலைப் போய்க் கேளு தம்பி"னாங்க. கேட்டுடலாம்னு கிளம்பிட்டேன்.

1996-ல கொத்தவால்சாவடியில இருந்து இங்கே இடம் மாறின மார்க்கெட் இது. மூணு மணிக்கு அங்கே பட்டப்பகல்! கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரானு லாரிகள் வரிசை கட்டி நிக்குது. மிதிபட்ட முட்டைகோஸ் இலை, ஈரச்சாக்கு, டீ, டீசல் புகைனு எல்லாம் கலந்து ஒரு வாசனை. தலையில மூட்டையோட "வழி... வழி..."னு ஓடி வர்றவங்களுக்கு ஒதுங்கலைன்னா நீங்களும் கூட்டுதான்!

இன்ஜினீயரிங் படிக்கிற பையன் சும்மா இருப்பானா? செல்போன்ல கணக்குப் போட்டேன். நாசிக்ல இருந்து சென்னை சுமார் 1,300 கிலோமீட்டர். லோடு லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடினா 325 லிட்டர் டீசல். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினா 3,250 ரூபாய் கூடுதல் செலவு. வண்டியில 20 டன் வெங்காயம்னா கிலோவுக்கு 16 பைசா. அட, இதுக்கா இவ்வளவு புலம்பல்?

விஷயம் அடுத்த பத்து கிலோமீட்டர்ல இருக்கு பாஸ்!

அக்காவோட சேர்த்து அஞ்சு பேர் ஒரு குட்டியானை வண்டியைப் பிடிச்சு, வாடகையைப் பங்கு போட்டுக்கிறாங்க. 2021-ல சென்னையில பெட்ரோல், டீசல் ரெண்டுமே நூறு ரூபாயைத் தாண்டினப்போ, டிரைவர் அண்ணன் வாடகையில 150 ஏத்திட்டாராம். அக்கா பங்குக்கு 30 ரூபாய். அவங்க எடுக்கிறதோ நாற்பது கிலோ. அப்ப கிலோவுக்கு 75 பைசா! நாசிக் லாரியே தோத்துச்சு.

"இந்த தூரத்துக்கு ரெண்டு லிட்டர் டீசல்கூட ஆகாதே, 150 எதுக்குண்ணா?"னு மெதுவா கேட்டேன். கோபப்படலை. "எனக்கும் வீட்டுல சிலிண்டர் வாங்கணும், பையனுக்கு ஸ்கூல் ஆட்டோ இருக்கு. அவங்க எங்கிட்ட ஏத்துறாங்க, நான் யார்கிட்ட போறது?"னார். எனக்குப் பதில் வரலை.

அக்காகிட்டயும் பதில் இல்லை. தக்காளிக்கு ஒரு ரூபாய் கூட்டிச் சொன்னா, அடுத்த தெரு வண்டிக்கு ஆள் போயிடும். அதனால விலையில கை வைக்கலை, கொசுறுல வெச்சுட்டாங்க.

2022 மே மாசம் மத்திய அரசு டீசல் வரியில 6 ரூபாய் குறைச்சது. 2024 மார்ச்ல விலை இன்னொரு 2 ரூபாய் இறங்குச்சு. "வாடகை இறங்குச்சாக்கா?"னு கேட்டேன். கத்திரிக்காயைப் பொறுக்கிட்டிருந்தவங்க நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க... வைவாவுல எங்க ஹெச்.ஓ.டி. பார்ப்பாரே, அதே பார்வை!

ஆறு மணிக்கெல்லாம் தெருவுக்கு வந்துட்டோம். தண்ணி தெளிச்சு வண்டியை அடுக்கி முடிக்கலை, அதுக்குள்ள முதல் போணி. அரை கிலோ தக்காளி.

"கொஞ்சம் கொத்தமல்லி போடும்மா..."

"கட்டு பத்து ரூபாம்மா."

"ஒரு கொத்து போட்டாக் குறைஞ்சா போயிடுவ?"

கேட்டது வேற யாருமில்லை. எங்க அம்மா! நான் சத்தமில்லாம வண்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.