அளந்த வீடு

யாழ்ப்பாணத்துக் கட்டடங்களைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் கோட்டையிலேயே தொடங்குவர். ஒல்லாந்தர் 1658 இலே போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, ஐங்கோண வடிவிலே பெருப்பித்த அக்கோட்டை, போரிலே சிதைந்து, 2009 இன் பின்னர் நெதர்லாந்தின் உதவியும் பெற்று ஓரளவு திருத்தப்பட்டது. அடுத்துப் பொது நூலகத்துக்கு வருவர். 1981 இல் எரியூட்டப்பட்ட அதனை எரிந்த கோலத்திலேயே நினைவுச் சின்னமாக விட்டிருக்க வேண்டுமா, பழைய வடிவிலே மீள எழுப்பியது சரியா என்ற விவாதம் பற்றி நானும் இரண்டாம் ஆண்டிலே ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. அக்கட்டுரையிலே ‘மரபுரிமை’ என்ற சொல்லை எத்தனை தரம் எழுதினேன் என்பதை இப்போது எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

சென்ற ஆவணியில் எங்கள் வீட்டை இடித்தோம்.

வலிகாமத்திலே, 1927 இல், மலாயாவிற் புகையிரதப் பகுதியிலே எழுதுவினைஞராயிருந்த என் பூட்டனார் அனுப்பிய பணத்திலே தொடங்கப்பட்ட நாற்சார் வீடு அது. நடுவே திறந்த முற்றம். அதனைச் சுற்றி நாற்புறமும் தாழ்வாரம். தாழ்வாரத்தின் மேற் சாய்ந்திறங்கும் ஓட்டுக்கூரை. வெளியே தெருவோரத்தில், கூரை வேய்ந்த சங்கடப்படலை. வழிப்போக்கர் ஒதுங்கவும் தண்ணீர் குடிக்கவுமென அங்கே ஒரு மண்குடம் எப்போதும் இருந்ததாம். நான் கண்டது குடமில்லாத படலையையே.

இத்தகைய வீட்டை அழகு கருதி மட்டும் எம் முன்னோர் கட்டவில்லை. ஆறில்லாத, சுண்ணக்கல் நிலமான குடாநாட்டிலே கல்லும் சுண்ணாம்பும் காலடியிலேயே கிடைத்தன; வளைக்கும் சிலாகைக்கும் வைரமேறிய பனை இருந்தது. தடித்த சுவர் பகல் வெயிலை உள்ளே விடாது. முற்றத்தின் வெம்மை மேலெழ, அறைகளினூடாகக் காற்று உட்புகும். பங்குனி வெயிலிலும் எங்கள் தாழ்வாரத்துச் சீமெந்துத் தரையிலே பாயின்றிப் படுக்கலாம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது தென்மராட்சிக்குச் சென்று, மறு ஆண்டு திரும்பிய அம்மம்மா கண்டது, கிழக்குச் சாரின் ஓடுகள் நொறுங்கிக் கிடந்த கோலத்தையே. அதற்கு மேல் அஸ்பெஸ்ரஸ் தகடு போட்டார்கள். அதன்பின் அந்த ஓர் அறையில் மட்டும் எவரும் பகலிலே படுப்பதில்லை.

வீடு அம்மம்மாவுக்குச் சீதனமாக வந்தது, பின் அம்மாவுக்கு, இப்போது அக்காவுக்கு. அக்காதான் இடிக்க வேண்டுமென்றாள். நான் எனது கட்டுரையின் நியாயங்களையெல்லாம் அவளுக்கு எடுத்துரைத்தேன். அவள் கறி நறுக்கிக்கொண்டே கேட்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “நீ வருசத்தில ரெண்டு தரம் வந்து படம் எடுத்துக்கொண்டு போவாய், தம்பி. மாரியில ராத்திரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறையிலயிருந்து குசினிக்கு நனைஞ்சு போறது ஆர்? ஓடு மாத்த ஓடாவி கேட்ட காசு தெரியுமே உனக்கு?” எனக்குத் தெரியாது. கேட்டறிந்தபோது, அத்தொகையோடு இன்னும் சிறிது சேர்த்தாற் புதுவீட்டின் அரைவாசி எழுந்துவிடும் போலிருந்தது.

சட்டத்திலாவது இடமுண்டா என்று பார்த்தேன். எமது தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 இல் ஆக்கப்பட்டது. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே அது பழஞ்சின்னங்களெனக் கொள்ளும். கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்ற உடன்படிக்கையின் நாள் அது. யாழ்ப்பாண இராச்சியமோ அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முன்னரே, 1619 இல், வீழ்ந்துவிட்டது. பிற்காலத்துக் கட்டடமொன்றைக் காக்க வேண்டின் வர்த்தமானியிலே தனிக் கட்டளை வரவேண்டும். மலாயாப் பணத்தில் எழுந்த வீடுகள் ஊருக்கு ஊர் நின்றன; எதற்கென்று கட்டளை வரும்? எம்மை ஆண்டவர்களின் கோட்டைக்கு அவர்கள் நாட்டிலிருந்தே பணம் வருகிறது. எம்மவர் குடியிருந்த வீடுகளுக்குக் கேள்வி, அவற்றின் தூண்களை விலைக்கு வாங்குவோரிடமிருந்தே வருகிறது.

இடிக்குமுன் ஒரு வாரம் தவணை கேட்டேன். அளவு நாடா ஒன்றும் பாடசாலைக் காலத்து வரைதாளும் எடுத்துக்கொண்டு வீட்டை அளந்தேன். தூண்களின் சுற்றளவு, கதவுநிலைகளின் உயரம், சாளரக் கம்பிகளின் எண்ணிக்கை என ஒவ்வொன்றையும் குறித்தேன். மேற்குச் சார் மட்டும் ஏனைய மூன்றையும்விட ஓரடி ஒடுக்கமாயிருந்தது. மேசனின் பிழையென்று எண்ணி அம்மம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “பிழையில்லையடா. முப்பத்திரண்டாம் ஆண்டு அப்புவுக்கு மலாயாவில வேலை நிண்டு போச்சுதாம். கையில கிடந்த வளையள் அந்த நீளம்தான்.” உலகப் பெருமந்தத்தைப் பற்றி நூல்களிலே படித்திருக்கிறேன். நான் படுத்துறங்கிய அறையின் அகலத்தை அது தீர்மானித்திருந்ததென்பது அன்றுதான் தெரிந்தது.

நான்கு நாளில் வேலை முடிந்தது. ஓடுகளை நானும் இறக்கிக் கொடுத்தேன். கொழும்பிலிருந்து லொறியோடு வந்தவர் தூண்களையும் தலைவாசற் கதவையும் ஏற்றிச் சென்றார், விடுதியொன்றுக்காம். அப்பா பணத்தை எண்ணாமலே அக்காவிடம் நீட்டினார். அன்று பின்னேரம் வெறும் வளவைப் பார்த்தபோது இவ்வளவு சிறிய நிலத்திலா இத்தனை பேர் வாழ்ந்தோம் என்று தோன்றியது.

கார்த்திகையிலே, பல்கலைக்கழகத்தில் நானிருக்கையில், அக்கா தொலைபேசியில் அழைத்தாள். புதுவீட்டு வாசலிலே முழங்காலளவு வெள்ளம் நிற்கிறதாம். “பழைய முத்தத்துத் தண்ணி எந்தப் பக்கத்தால போனது? நீ தானே எல்லாம் அளந்து வைச்சிருக்கிறாய். பார்த்துச் சொல்லு.”

வரைதாள்களை விரித்துப் பார்த்தேன். தூண்கள் இருந்தன, நிலைகள் இருந்தன, சாளரத்துக் கம்பிகள் ஒன்று தவறாமல் இருந்தன. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நான்கு கூரைகளின் மழையையும் நிலத்தின்கீழ்க் கொண்டுசென்ற வாய்க்காலை நான் வரையவில்லை. அது இருந்ததென்றே எண்ணவில்லை.

அன்று மாலை அவளே மீண்டும் பேசினாள். அம்மம்மாவைக் கதிரையோடு தூக்கி விறாந்தைக்குக் கொண்டுவந்தார்களாம். அவர் கைத்தடியை நீட்டி, வாழைகளுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஓரிடத்தைக் காட்டினாராம். அத்தான் இரண்டடி வெட்டியதும் கல் பாவிய வாய்க்கால் தென்பட்டது. உள்ளே அடைத்திருந்தது புதுவீட்டின் சீமெந்துக் கலவை.