ஒகேனக்கல் கரையில் ஓர் அட்டைப்பெட்டி

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சென்றிருப்பீர்கள். கன்னடத்தில் 'புகையும் கல்' என்று பொருள்படும் அப்பெயருக்கேற்ப, பாறைகளின் மேல் நீர்த்திவலை புகையாய் எழும்பி நிற்பதைக் கண்டு வியந்திருப்பீர்கள். பரிசலில் செல்லாமல் திரும்பியவர் சிலரே. மீன் வறுவல் உண்ணாமல் திரும்பியவர் அவரினும் சிலர்!

அங்கே வறுபடும் ஜிலேபி மீனைக் காவிரியின் சொந்த மீன் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952-இல்தான் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதாம். ஆற்றில் கலந்தபின் அதனைத் திரும்பப் பிரித்தெடுக்க எவராலும் இயலவில்லை.

சென்ற முறை, பெங்களூரிலிருந்து என் தமக்கை குடும்பத்தாரும் வந்திருந்தனர். லுஹர் தொழுகைக்குப்பின் தமக்கை மகன் என்னைத் தனியே அழைத்துச்சென்று, காரிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தான். உள்ளே பச்சை நிற இகுவானா! நம் ஓணானைப் போன்ற உருவம். நீளமோ வாலுடன் நான்கு அடி. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கியதாம். இவ்வளவு வளரும் என்று கடைக்காரர் சொல்லவில்லையாம்.

"கூண்டில் அடைத்து வைக்கப் பாவமாக இருக்கிறது மாமா. மரமும் தண்ணீரும் உள்ள இடம், இங்கேயே விட்டுவிடலாமே?" என்றான்.

இரக்கம்தான்; மறுப்பதற்கில்லை. ஆனால் மத்திய, தென் அமெரிக்காவின் ஆற்றங்கரைக் காடுகளே இகுவானாவின் பிறப்பிடம். இலை தின்னும், நன்றாக நீந்தும், வெதுவெதுப்பான மண்ணில் வளை தோண்டி ஒரே முறையில் இருபது, முப்பது, அதற்கு மேலும் முட்டையிடும். ஒகேனக்கல்லில் அதற்கு என்ன குறை? கரீபியன் கடலிலுள்ள கிராண்ட் கேமன் என்னும் சிறு தீவில் அயலிலிருந்து புகுந்த இவை பெருகியதால், 2018 அக்டோபரில் கூலி கொடுத்துக் கொல்லத் தொடங்கினர். ஓரிரு ஆண்டுகளில் பத்து இலட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டன. அமெரிக்காவின் புளோரிடாவில் கால்வாய்க் கரைகளையே குடைந்து சரிக்கின்றன. அங்கும் தொடக்கம், வளர்த்தவர் கைவிட்டவையும் கூண்டிலிருந்து தப்பியவையுமே.

"இது ஒன்றே ஒன்றுதானே மாமா?"

அவன் கேட்டது நியாயமே. துணையின்றி ஓர் இகுவானா பெருகாது. ஆயினும், வார இறுதியில் பெங்களூரிலிருந்து இங்கு வரும் கார்கள் எத்தனை! அவற்றுள் இன்னொரு பெட்டி இராது என்று யார் உறுதி கூறுவார்? நம் உடும்புக்கும் மரத்துப் பறவைகளுக்கும் உரிய கரையல்லவா இது? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டதும் அவற்றுக்காகத்தானே?

சட்டமும் இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024-இல் வந்த விதிகளும், இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வளர்ப்போர் மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்யவேண்டும் என்கின்றன. அவன் பதிவு செய்திருக்கவில்லை. இப்போது வனத்துறையிடம் சென்றால் என்ன கேட்பார்களோ என்ற அச்சமே அவனை இக்கரைக்கு அழைத்து வந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு பெட்டியை மூடினான். மறுநாள் பெங்களூரில் வனத்துறை அலுவலகத்துக்குத் தந்தையையும் உடன் அழைத்துச் செல்வதாகச் சொன்னான். கார் மலையேறும்வரை பின்னிருக்கையில் அட்டையைப் பிறாண்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.