ரியோவில் ஒரு கல்தரை

ரியோ டி ஜெனீரோ போகிறீர்களா? ஏசு சிலையைப் பாருங்கள். கோர்கோவாடோ மலை உச்சி வரை ரயிலே போகிறது. கோபகபானா கடற்கரையில் இளநீர் குடியுங்கள். நம்மூர் மாதிரிதான், என்ன, ஜில்லென்று தருவார்கள். எல்லாம் சரி. அரை நாள் மட்டும் மிச்சம் வையுங்கள்.

துறைமுகப் பக்கம் வலோங்கோ என்று ஓர் இடம். பள்ளத்தில் பழைய கல்தரை, அவ்வளவுதான். நான் போனபோது என்னைத் தவிர இரண்டே பேர். 1811-ல் கட்டிய படகுத்துறை இது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இங்கே இறக்கப்பட்டவர்கள் சுமார் 9 லட்சம் பேர் என்கிறார்கள். 1843-ல் புது மகாராணி கப்பலில் வருகிறார் என்று இதன் மேலேயே வேறு தளம் போட்டார்கள். பிறகு அதையும் மூடினார்கள். 2011-ல் துறைமுகத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது வெளியே வந்தது. 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

அடியேன் பி.காம். புத்தி கணக்கேட்டுக்குத்தான் போகும். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888-ல். 1890-ல் நிதியமைச்சர் ரூயி பார்போசா, அடிமைகள் பற்றிய பதிவேடுகளைக் கொளுத்தச் சொன்னார். முன்னாள் எஜமானர்கள் 'எங்க சொத்து போச்சு, நஷ்டஈடு கொடு' என்று நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். ஆதாரம் இருந்தால்தானே கேட்பாய்! காரணம் நியாயம்தான். ஆனால், அந்தத் தாள்களோடு எத்தனையோ பேரின் பெயரும் வயசும் சேர்ந்தே சாம்பலாச்சு. கொள்ளுப்பேரன் இன்று தேடி வந்தால், எந்தப் பக்கத்தைப் புரட்டுவான்?

கல் மட்டும் மிச்சம். போட்டோவுக்குப் பெரிசாக ஒன்றும் தேறாது. பரவாயில்லை, ஐந்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டு வாருங்கள்.